உங்கள் விடைத்தாளை முதலில் போய்ப் பாருங்கள், தம்பி

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். அக்காவைச் சாத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. நான் இ.இ.இ. முடித்து, இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தேன். இப்போது மூன்றாவது செமஸ்டர். கன்ட்ரோல் (கட்டுப்பாட்டுப் பொறியியல்) பாடத்தில் இரண்டு முறை ஃபெயில் ஆகிவிட்டேன். பிப்ரவரியில் மூன்றாவது முயற்சி. அதுதான் கடைசி, அதிலும் போனால் படிப்பே போய்விடும் என்கிறார்கள். ஊரில் ஒரு அரியர்கூட வைத்ததில்லை. முதல் தடவை இரண்டு வாரம் படித்தேன். இரண்டாம் தடவை ஒரு மாதம் ஸ்லைடுகளை வரிவரியாக மனப்பாடம் செய்தேன். அப்படியும் 5.0, அதாவது ஃபெயில்தான். வாரத்துக்கு 20 மணி நேரம் ஒரு கிடங்கில் வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். வீட்டுப் பத்திரத்தை வைத்து 14 லட்சம் கடன் வாங்கியிருக்கிறோம். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிடும்போது எல்லாம் பாஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்த இடத்தில் டாக்டர் சர்டிபிகேட் வாங்கிப் பரீட்சையைத் தள்ளிப்போடு என்கிறான் அறைத் தோழன். எனக்கு இந்தப் படிப்புக்குத் தகுதி இல்லையோ? தூக்கம் வருவதில்லை. சில ராத்திரி எதற்கு இருக்கிறோம் என்றுகூட நினைப்பு வருகிறது. ஊருக்குத் திரும்பிவிடலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலிருந்து தொடங்குகிறேன். பரீட்சை, கடன், விசா எல்லாம் அதற்கு அப்புறம்தான். எதற்கு இருக்கிறோம் என்று ராத்திரியில் நினைப்பு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வெளியே சொன்னது நல்ல காரியம். இந்த வாரமே, முடிந்தால் நாளைக் காலையே, உங்கள் ஊர் ஸ்டுடீரெண்டன்வெர்க்கின் உளவியல் ஆலோசனைப் பிரிவில் நேரம் கேளுங்கள். மென்சா என்கிற மாணவர் உணவகத்தையும் மாணவர் விடுதியையும் நடத்துகிற அதே அமைப்புதான். பெரும்பாலான ஊர்களில் அங்கே காசு வாங்குவதில்லை, ஆங்கிலத்தில் பேசவும் ஆள் இருப்பார்கள். நீங்கள் பேசுவது பல்கலைக்கும் போகாது, விசா அலுவலகத்துக்கும் போகாது. "மூன்று வாரம் கழித்து வாருங்கள்" என்று சொன்னால், எனக்கு அவ்வளவு நாள் தாங்காது என்று நேராகச் சொல்லுங்கள். முன்னதாக இடம் ஒதுக்குவார்கள். ராத்திரியில் அந்த நினைப்பு வந்தால் தனியாகப் படுத்திருக்க வேண்டாம், அறைத் தோழனை எழுப்புங்கள். 0800 1110111 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள். நிலைமை கைமீறுவதுபோல் இருந்தால் 112. இதைச் செய்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

சரி, இனி படிப்புக்கு வருகிறேன்.

நான் 2009இல் இங்கே மாஸ்டர்ஸ் படிக்க வந்தவள். இப்போது ஒரு பல்கலையில் வெளிநாட்டு மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசகராக 11 வருடமாக வேலை பார்க்கிறேன். உங்களுடையது போன்ற கதையோடு வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பேராவது என் அறைக்கு வருகிறார்கள். அதில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. வருகிற எல்லாரையும் முதலில் ஒன்றுதான் கேட்பேன். உங்களிடமும் அதையே கேட்கிறேன். இரண்டு முறை ஃபெயில் ஆனதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாள் படித்தீர்கள், எப்படிப் படித்தீர்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எந்தக் கேள்வியில் மார்க் போனது, ஏன் போனது என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் விடைத்தாளை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. சரிதானே?

ஐன்ஸிஷ்ட் என்று, திருத்திய விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் அறிவித்திருப்பார்களே, ரிசல்ட் வந்த பிறகு. பல்கலையின் இணையதளத்தில் பாடத்தின் பெயருக்குக் கீழே ஒரு தேதியும் அறை எண்ணும் போட்டிருக்கும். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. நம் ஊரில் விடைத்தாள் நகல் வாங்குவது என்றாலே பணம் கட்டி, ரீவேல்யுவேஷனுக்குப் போட்டு, மார்க்குக்காகப் போராடுவது என்று அர்த்தம். அதனால் இங்கேயும் அது சண்டைக்குப் போகிற இடம், போனால் பேராசிரியர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் செமஸ்டரில் எனக்கும் இதே கன்ட்ரோல் பாடத்தில் 5.0 வந்தது. ஐன்ஸிஷ்டுக்குப் போகும் எண்ணமே இல்லை. கூடப் படித்த ஒரு பொலிவியா நாட்டுப் பெண் தன்னுடைய தாளைப் பார்க்கப் போகத் துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு சின்ன அறை. இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, தாள்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பிஎச்டி மாணவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அடையாள அட்டையைப் பார்த்தார், கைபேசியைப் பையில் வைக்கச் சொன்னார், பேனாவுக்குப் பதில் ஒரு பென்சில் கொடுத்தார். 20 நிமிடம். என் தாளைத் திறந்தேன். K எந்த மதிப்புகளுக்கு இந்த அமைப்பு நிலையாக இருக்கும் என்று பத்து மார்க் கேள்வி ஒன்று. நான் ரூத் அட்டவணை என்கிற கணக்கை அழகாகப் போட்டு, விடையை ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி எழுதியிருந்தேன். விடையும் சரி. மூன்று மார்க் போட்டிருந்தார்கள். ஓரத்தில் சிவப்பு மையில் 'வாரும்?' என்று எழுதியிருந்தது. ஜெர்மன் மொழியில் அதற்கு 'ஏன்?' என்று பொருள். நம் பக்கத்தில் பெரியவர்களை வரவேற்கிற சொல். இன்றைக்கும் அந்தச் சொல்லைப் பார்த்தால் அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது.

விடை சரிதானே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கேள்வியில் ஒரு நைக்விஸ்ட் வரைபடம் கொடுத்திருந்தார்கள். அந்த வரைபடத்தைப் படித்து, அது எந்தப் புள்ளியை எத்தனை முறை சுற்றுகிறது என்று பார்த்து, அதிலிருந்து விடையைச் சொல்லிக் காரணத்தையும் எழுத வேண்டும். "நாங்கள் கேட்ட கேள்விக்கு நீ எழுதவில்லை. உனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கேள்விக்கு எழுதியிருக்கிறாய்" என்றார். குரலில் கோபமே இல்லை. அந்த 20 நிமிடத்தில் நான் கற்றுக்கொண்டதை ஒரு செமஸ்டர் முழுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்த முறை 2.7 எடுத்தேன் (இங்கே எண் குறையக் குறைய நல்ல மார்க்). நான் அதிகம் படித்தேன் என்று சொல்ல முடியாது, எதைக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு படித்தேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் எழுதியிருக்கிற ஒரு வரி. ஸ்லைடுகளை வரிவரியாக மனப்பாடம் செய்தேன் என்கிறீர்கள். உங்களுக்கு உழைப்புப் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் அந்த உழைப்பு வேறு ஊர்ப் பரீட்சைக்குப் போய்விட்டது. நம் ஊர்த் தேர்வில் கேள்வியைப் பார்த்ததும் இது எந்த யூனிட், எந்த வகைக் கணக்கு என்று அடையாளம் கண்டு, கையில் இருப்பதை இறக்கி வைத்தால் போதும். அதில் நீங்கள் கெட்டிக்காரராக இருந்திருக்கிறீர்கள். அரியரே வைக்காத பிள்ளை. இங்கே கேள்வியை ஒரு முழம் தள்ளிக் கேட்பார்கள். சூத்திரத்தைத் தாளிலேயே கொடுத்துவிட்டு, இது இங்கே ஏன் பொருந்தாது என்று கேட்பார்கள். சில பாடங்களில் கையால் எழுதிய ஒரு ஏ4 தாளை உள்ளே கொண்டுபோகக்கூட அனுமதிப்பார்கள். மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டு முறை இந்தக் கதவில் மோதிவிட்டு, எனக்குத் தகுதி இல்லையோ என்று கேட்கிறீர்கள். தாளைப் பார்க்காமல் அந்தக் கேள்விக்கு நானும் பதில் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை இது. இன்றைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், பாடத்தை நடத்துகிற பேராசிரியருக்கு. அவருடைய துறைச் செயலாளரையும் நகலில் சேருங்கள். (இந்த ஊரில் துறைச் செயலாளர் அம்மையாரைத் தெரிந்து வைத்துக்கொள்வது பெரிய பலம். பேராசிரியரின் நாட்குறிப்பு அவர் கையில்தான் இருக்கும்.) 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம், 'டியர் ப்ரொஃபசர்' என்று போட்டு அவருடைய குடும்பப் பெயரை எழுதுங்கள். உங்கள் பெயர், மெட்ரிகுலேஷன் எண் (பல்கலை தந்த மாணவர் எண்), பாடம், இரண்டு பரீட்சைகளின் தேதி. அப்புறம் நாலே வரி: இரண்டு முறை தேறவில்லை, அடுத்தது என் கடைசி முயற்சி, ஐன்ஸிஷ்ட் நாளில் வராமல் விட்டுவிட்டேன், இரண்டு தாள்களையும் பார்க்க அனுமதியும் உங்களிடமோ உதவியாளரிடமோ 15 நிமிட நேரமும் வேண்டும். மன்னிப்பு, குடும்பக் கஷ்டம், கடன் எதுவும் அதில் வேண்டாம். அறிவித்த நாள் தாண்டிப் போயிருந்தாலும் தாளைப் பார்க்க ஒரு வருடம் வரை உரிமை தருகிற பல்கலைகள் நிறைய உண்டு. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் நேரில் போங்கள். டிசம்பர் கடைசியில் இரண்டு வாரம் எல்லாம் பூட்டிக்கிடக்கும், அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

தாளைப் பார்க்கும்போது மார்க் கூட்டலையும் சரிபாருங்கள். கூட்டல் பிசகு இருந்து, அங்கேயே சொல்லி, 5.0 ஆக இருந்தது 4.0 ஆகித் தேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 4.0 வந்தால் தேர்ச்சிதான். ஆனால் அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் எங்கே மார்க் நின்றுபோனது என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த ஒரு பக்கக் குறிப்புதான் இனி உங்கள் பாடத்திட்டம்.

அடுத்து, நேரக் கணக்கு. அந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட்? ஆறு என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அப்படியானால் ஆறு கிரெடிட் பாடத்துக்கு 150 முதல் 180 மணி. வகுப்பில் உட்காருவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி 100 முதல் 120 மணி நீங்கள் தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டியது. நம் ஊரில் 75 சதவீத வருகை இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, இன்டர்னல் இருக்கிறது, மாடல் எக்ஸாம் இருக்கிறது, ஹெச்.ஓ.டி. அப்பாவுக்கு போன் போடுவார். இங்கே பெரும்பாலும் வருகைப் பதிவே இல்லை. நாலு மாதம் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கடைசியில் ஒரே பரீட்சை, 90 அல்லது 120 நிமிடம். அந்த நாலு மாத அமைதியைப் பார்த்து எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

நீங்கள் முதல் தடவை இரண்டு வாரம் படித்தது, ஒரு நாளைக்கு நாலு மணி என்றாலும், 56 மணிதான் ஆகிறது. இப்போது நவம்பர் பாதி. பிப்ரவரி பாதி வரை 12 வாரமாவது இருக்கிறது. வாரம் 10 மணி என்றால் 120 மணி. கணக்கு சரியாக வருகிறது, இன்றைக்கே தொடங்கினால்.

அந்த 10 மணி எங்கிருந்து வரும்? கிடங்கு வேலையிலிருந்து. இரவு ஷிஃப்ட் முடித்து, காலை எட்டு மணி வகுப்பில் கண் சொருக உட்காருகிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். வேலையை விடச் சொல்லவில்லை. விசாவுக்காக வங்கியில் முடக்கி வைத்த முதல் வருடப் பணம் தீர்ந்திருக்கும், வாடகையும் மருத்துவக் காப்பீடும் யாரும் கட்டித் தரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பிப்ரவரி வரை 20 மணியை 10 ஆகக் குறையுங்கள், அதுவும் பகல் ஷிஃப்டாக. மாதம் 500 யூரோவுக்கு மேல் குறையும். அது பெரிய பணம்தான். ஆனால் இந்தப் பாடத்தில் போனால் நிற்கப்போவது 14 லட்சத்துக்கு வாங்கிய படிப்பு. இடைவெளியைச் சமாளிக்க முடியாவிட்டால், ஸ்டுடீரெண்டன்வெர்க்கின் சமூக ஆலோசனைப் பிரிவில் அவசர உதவி பற்றிக் கேளுங்கள். பல ஊர்களில் தேவாலயம் சார்ந்த மாணவர் அமைப்புகளும் வெளிநாட்டு மாணவர்களுக்கு மதம் பார்க்காமல் கைகொடுக்கின்றன. இதற்கெல்லாம் போய் நிற்கக் கூச்சமாக இருக்கும். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அந்தப் பணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

படிப்பதற்கு ஸ்லைடை மூடி வையுங்கள். ஊபுங் என்கிற பயிற்சி வகுப்பு வாரம் ஒரு முறை நடக்கும், அதற்குப் போங்கள். கட்டாயம் இல்லை என்பதால் நம் ஆட்கள் முதலில் கைவிடுவது அதைத்தான். பரீட்சைக் கேள்விகளின் சாயல் ஸ்லைடில் கிடைக்காது, அந்தக் கணக்குகளில்தான் கிடைக்கும். உங்கள் துறையின் ஃபாக்ஷாஃப்ட், அதாவது மாணவர் பேரவை அறைக்குப் போய்ப் பழைய வினாத்தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். பல துறைகளில் கோப்புக் கோப்பாக வைத்திருப்பார்கள். போய்க் கேட்ட யாருக்கும் இல்லை என்று சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அந்த அறை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வாட்ஸப் குழுவில் சுற்றுகிற, யாரோ என்றைக்கோ தீர்த்த பிடிஎஃப் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அந்தப் பிடிஎஃபில் உள்ள தப்பு வருடா வருடம் அப்படியே அடுத்த செட்டுக்குப் போகிறது. பழைய தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்து, 90 நிமிடம் எழுதுங்கள். எழுதியதை இன்னொருவரிடம் வாய்விட்டு விளக்குங்கள். அவர் ஏன், ஏன் என்று கேட்க வேண்டும். அந்த ஆள் தமிழ் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. 'அது அப்படித்தான்டா' என்று தப்பிக்க முடியாது.

இதற்கு நடுவே ஒரு மணி நேரம் ஒதுக்கி உங்கள் படிப்பின் தேர்வு விதிமுறையைப் படியுங்கள். ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங் என்று பல்கலை இணையதளத்தில் இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பு வசதிக்குத்தான், சட்டப்படி செல்லுபடியாவது ஜெர்மன் மூலம். சீனியர் சொன்னார், அறைத் தோழன் சொன்னான் என்பதெல்லாம் இதில் உதவாது, ஏனென்றால் இந்த விதி பல்கலைக்குப் பல்கலை, ஏன், படிப்புக்குப் படிப்புகூட மாறும். மூன்றாவது முயற்சிக்குத் தனியாக விண்ணப்பம் கொடுக்க வேண்டுமா, கடைசித் தேதி எது என்று பாருங்கள். சில இடங்களில் அந்தத் தேதியைத் தவறவிட்டாலே முயற்சி போய்விடும். எழுத்துத் தேர்வில் நூலிழையில் போனால் வாய்மொழித் தேர்வு ஒன்று வைத்துப் பார்க்கிற பல்கலைகளும் உண்டு, உங்களுடையதில் இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, கன்ட்ரோல் உங்களுக்குக் கட்டாயப் பாடமா, பட்டியலிலிருந்து நீங்கள் தேர்ந்தெடுத்ததா? பட்டியல் பாடம் என்றால் அதை விட்டு வேறு பாடத்துக்கு மாற வழி இருக்கலாம். அப்படி மாறித் தப்பித்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் துறையில் படிப்பு ஆலோசகர் ஒருவர் நிச்சயம் இருப்பார். விதிமுறையைப் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள்.

அரியர் என்ற சொல்லை நாம் எல்லாரும் மனதுக்குள் தூக்கிக்கொண்டுதான் விமானம் ஏறுகிறோம். ஊரில் அரியர் என்றால் அடுத்த நவம்பர், அடுத்த ஏப்ரல், எழுதிக்கொள்ளலாம். இங்கே கட்டாயப் பாடத்தில் கடைசி முயற்சியும் போனால் பல்கலை உங்கள் பெயரை நீக்கிவிடும். அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலையில் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருகிற ஏபிஎஸ் சான்றிதழுக்கு ஓட வைத்து, வங்கியில் பணத்தை முடக்க வைத்து, விசாவுக்கு வரிசையில் நிற்க வைத்து அனுப்புகிற ஏஜென்ட் யாரும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்புவதில்லை. எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வருகிற இடம் இது. 2022-23இலிருந்தே இந்த நாட்டுக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் முதலிடம், 2023-24இல் ஏறக்குறைய 49,000 பேர். இத்தனை பேரிடமும் வருவதற்கு முன்பே தமிழிலோ இந்தியிலோ தெலுங்கிலோ ஒரு பக்கத்தில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

டாக்டர் சர்டிபிகேட் விஷயம். வேண்டவே வேண்டாம். பொய்யான மருத்துவச் சான்றைக் காட்டுவது இங்கே குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியது. அது தெரியவந்தால் அப்புறம் பேச்சு கன்ட்ரோல் பாடத்தைப் பற்றி இருக்காது. தங்கும் அனுமதி வரை போகும். அதைவிட, தள்ளிப்போடுவதால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? அதே பயத்தோடு இன்னும் ஆறு மாதம், பாடமும் ஆறிப்போயிருக்கும். உண்மையில் உடம்புக்கு முடியாவிட்டால் அது வேறு கதை. மனச்சோர்வும் தூக்கமின்மையும் உண்மையான நோய்தான். அப்போது மருத்துவரிடம் பரீட்சைக்கு முன்பே போக வேண்டும், சான்றைத் தாமதிக்காமல் தேர்வு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து எழுதிவிட்டு, ரிசல்ட் வந்த பிறகு அன்றைக்கு எனக்குச் சரியில்லை என்றால் எடுபடாது. தூக்கத்தைப் பற்றி இப்போதே குடும்ப மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். உங்கள் காப்பீட்டில் அது அடங்கும்.

இன்னொன்று, தபால் பெட்டி. போன வருடம் ஒரு பையன் என் அறைக்கு வந்தான். பையிலிருந்து மஞ்சள் நிற உறை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். பிரிக்கவே இல்லை. இந்த நாட்டில் மஞ்சள் உறையில் வருவது சட்டப்படி ஒப்படைக்கப்பட்ட அதிகாரபூர்வக் கடிதம். தபால்காரர் பெட்டியில் போட்ட தேதியை உறை மேலேயே எழுதிவிட்டுப் போவார், கெடு அன்றிலிருந்து ஓடத் தொடங்கும். நீங்கள் பிரித்தீர்களா இல்லையா என்பது கணக்கில் வராது. அவன் பயத்தில் ஐந்து வாரம் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான். நான் பிரித்தேன். கடைசி முயற்சியும் போனதற்கான அறிவிப்பு. அதன் கடைசிப் பத்தியில், ஒரு மாதத்துக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம் என்று இருந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் வந்திருந்தால் அவன் சார்பாக நான் எழுதிக் கொடுத்திருப்பேன். பலித்திருக்குமா என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்கவாவது செய்திருக்கலாம். அந்த உறையைப் பிடித்திருந்த அவன் கை நடுங்கியதை என்னால் மறக்க முடியவில்லை. எந்த உறை வந்தாலும் அன்றைக்கே பிரியுங்கள். தனியாகப் பிரிக்கப் பயமாக இருந்தால் யார் முன்னாலாவது பிரியுங்கள்.

வீட்டுக்குச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் சங்கடப்படுத்தியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். ஆறு நாள் உழைத்துக் களைத்துப்போய், ஏழாம் நாள் அம்மாவிடம் பொய் சொல்லத் தெம்பு தேடுகிறீர்கள். பரீட்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ரிசல்ட்டுக்குப் பிறகு சொன்னால், தோல்வியோடு சேர்த்து இத்தனை நாள் மறைத்ததும் போய் அவர்கள் தலையில் இறங்கும். அம்மாவிடம் நேரடியாக முடியாது என்றால் சாத்தூர் அக்காவிடம் தொடங்குங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "அக்கா, ஒரு பாடத்துல ரெண்டு தடவை போயிருச்சு. பிப்ரவரில கடைசிச் சான்ஸ். இப்ப என்ன பண்றேன்னா, வேலையக் குறைச்சுட்டேன், வாத்தியாரப் போய்ப் பார்க்கப் போறேன். அப்பாகிட்ட எப்பிடிச் சொல்லன்னு தெரியல, நீ கூட இரு." இவ்வளவு போதும். திட்டுவார்கள், அழுவார்கள், ஒரு வாரம் வீடு சரியாக இருக்காது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர் வரவையும் செலவையும் நேருக்கு நேர் பார்த்தே பழகியவர், உங்கள் அப்பா தாங்கிக்கொள்வார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் அறையில் உட்கார்ந்து வீட்டுக்கு போன் போட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லா வீட்டிலும் மறுமுனையில் வந்த முதல் கேள்வி, "சாப்பிட்டியா?"

ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். தூக்கம் கெட்ட ராத்திரியில் எடுக்கிற முடிவு அது கிடையாது. தாளைப் பார்த்து, 12 வாரம் படித்து, எழுதிவிட்டு, அப்புறம் யோசியுங்கள். எழுதியும் போய்விட்டால்? அப்போதும் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டியதில்லை. எடுத்த மற்ற கிரெடிட்டுகள் உங்களுடையவை. கன்ட்ரோல் கட்டாயம் இல்லாத வேறொரு படிப்பில், அல்லது செயல்முறை சார்ந்த ஹோக்ஷூலே என்கிற உயர்கல்வி நிறுவனம் ஒன்றில், அவற்றைக் காட்டிச் சேர முடிகிறதா என்று பார்க்கலாம். ஜெர்மன் மொழி கையில் இருந்தால் தொழிற்பயிற்சியில் சேரும் வழியும் உண்டு. உங்கள் தங்கும் அனுமதி படிப்போடு கட்டப்பட்டது என்பதால், எதுவானாலும் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு அவர்கள் கூப்பிடும் முன் நீங்கள் போக வேண்டும், அதற்கும் முன் ஆலோசகரிடம் போக வேண்டும். இவை எதுவும் சரிப்படாமல், யோசித்து, ஊருக்குத் திரும்புவது என்று முடிவெடுத்தால் அதிலும் குறைச்சல் ஒன்றுமில்லை. திரும்பிப் போய் நல்ல வேலையில் இருப்பவர்கள் இன்றும் எனக்குப் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். தாளைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை, நீங்கள் எழுதிக்கொண்ட அந்த ஒரு பக்கக் குறிப்பையும் அனுப்புங்கள். ஓரத்தில் 'வாரும்?' எத்தனை இடத்தில் இருந்தது என்று எண்ணி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா